பச்சை இலையின் மெதுவான உழைப்பாளி



அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்து, 1969-ஆம் ஆண்டில் வெளியான ஓர் எளிய சோதனையிலிருந்து என் பேச்சைத் தொடங்குகிறேன். விட்ஹோம், ஆக்ரன் என்ற இரு விஞ்ஞானிகள், காற்றுப் புகாத ஒரு பெட்டிக்குள் சோயா மொச்சைச் செடிகளையும் மக்காச்சோளச் செடிகளையும் ஒன்றாக வைத்தார்கள். இடைவிடாமல் வெளிச்சம் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோயாவின் இலைகள் வெளுத்து வாடின, செடிகள் மடிந்தன. மக்காச்சோளமோ பச்சை மாறாமல் நின்றது. இரண்டிற்கும் ஒரே காற்று, ஒரே வெளிச்சம். அப்படியிருக்க ஒன்று வாழ்ந்ததும் மற்றொன்று மாண்டதும் ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை, பச்சை இலைக்குள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு நொதியில் இருக்கிறது. அதன் பெயர் ரூபிஸ்கோ. நாம் உண்ணும் சோற்றிலும், உடுக்கும் பருத்தித் துணியிலும், அடுப்பில் எரியும் விறகிலும் உள்ள கார்பன் அணு ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் காற்றில் கரியமில வாயுவாகத் திரிந்ததுதான். அதைப் பிடித்து உயிர்ப்பொருளோடு சேர்த்தது இந்த நொதி. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் இது, மிக மெதுவாக வேலை செய்வது. அடிக்கடி தவறும் செய்வது. நம்முடைய நெல்லின் விளைச்சலை அந்த மந்தமும் அந்தத் தவறும் எவ்வாறு பாதிக்கின்றன, அவற்றிற்குப் பரிகாரம் உண்டா என்பதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், கரியமில வாயுவும் நீரும் சேர்ந்து, சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையும் பிராணவாயுவும் உண்டாகின்றன என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள். விடை சரியானதே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. ஒளியைப் பிடித்து, நீரைப் பிளந்து, ஆற்றலைச் சேமித்து வைப்பது முதல் வேலை. பச்சையம் பங்கு கொள்வது இதில். சேமித்த ஆற்றலைக் கொண்டு காற்றிலுள்ள கார்பனைச் சர்க்கரையாக்குவது இரண்டாவது வேலை. பச்சையத்தைப் பற்றி எல்லோரும் அறிவோம். இரண்டாவது வேலையின் வாயிலில் நிற்கும் உழைப்பாளியைப் பற்றி அறிந்தவர் சிலரே.

அந்த வாயிலை முதலில் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. கதிரியக்கம் உள்ள கார்பன்-14 என்னும் கார்பன் வகையை 1940-ஆம் ஆண்டில் காமன், ரூபன் என்பவர்கள் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் கண்டறிந்தார்கள். அதே பெர்க்லியில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் அந்தக் கார்பனைக் கரியமில வாயுவில் அடையாளமிட்டு, பச்சைப் பாசிகளுக்கு ஊட்டினார்கள். சில விநாடிகளே ஒளியில் வைத்துவிட்டு, பாசிகளைச் சூடான சாராயத்தில் விழச் செய்தார்கள். அந்தக் கணத்திலேயே உயிர் வேலை நின்றுவிடும். பிறகு எந்தப் பொருளில் கதிரியக்கம் தெரிகிறது என்று தேடினார்கள். முதன்முதலில் அடையாளம் தெரிந்தது, மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட பாஸ்போகிளிசரிக் அமிலம் என்ற பொருளில். ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரைப் பொருளோடு ஒரு கரியமில வாயு மூலக்கூறு சேர்கிறது. சேர்ந்த ஆறும் உடனே மும்மூன்றாகப் பிளவுபடுகின்றன. இந்த வழியைக் கண்டறிந்ததற்காகக் கால்வினுக்கு 1961-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

சேர்த்து வைக்கும் நொதி எது? அது முன்பே ஒருவர் கையில் அகப்பட்டிருந்தது; இன்னதென்றுதான் தெரியவில்லை. சாம் வைல்ட்மன், ஜேம்ஸ் பானர் என்ற இருவர் 1947-ஆம் ஆண்டில், பசலைக்கீரையைப் போன்ற ஸ்பினாச் கீரையின் இலைச்சாற்றை ஆராய்ந்தபோது, அதில் கரைந்திருந்த புரதங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். என்ன வேலைக்கென்று தெரியாத அதற்கு ‘முதற்பகுதிப் புரதம்’ என்று பெயரிட்டார்கள். கார்பனைப் பிடிக்கும் நொதி அதுவே என்பது பின்னர் வந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. வைல்ட்மன் தம் பிற்காலத்தில், புகையிலையிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்து மனித உணவாக்கலாம் என்று முயன்று வந்தார். அவருடைய ஓய்வை ஒட்டி 1979-இல் நடந்த கருத்தரங்கில் டேவிட் ஐசன்பர்க் என்ற அறிஞர், நபிஸ்கோ என்ற பிஸ்கோத்துக் கம்பெனியின் பெயரை நினைவூட்டும் வகையில், அந்த நொதியின் நீண்ட இரசாயனப் பெயரைச் சுருக்கி ‘ரூபிஸ்கோ’ என்று வேடிக்கையாகச் சொன்னார். வேடிக்கைப் பெயரே நிலைத்துவிட்டது.

இனி, அதன் வேகத்தைப் பார்ப்போம். நம் இரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் ஒரு நொதி, விநாடிக்குப் பல லட்சம் மூலக்கூறுகளை மாற்றவல்லது. ரூபிஸ்கோவின் ஒரு வேலைத்தலம் விநாடிக்கு ஏறக்குறைய மூன்று மூலக்கூறுகளையே பிடிக்கிறது. நடவு வயலில் மெதுவாக நாற்று நடுகிறவர்களை வைத்துக்கொண்டு, குறித்த நாளில் வேலையை முடிக்க என்ன செய்வோம்? ஆட்களைக் கூட்டுவோம். செடியும் அதைத்தான் செய்கிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களின் இலையில் கரைந்துள்ள புரதத்தில் பாதியளவு ரூபிஸ்கோ ஒன்றாகவே இருக்கக்கூடும். உலகிலேயே மிகுதியாக உள்ள புரதம் இதுதான் என்று சொல்லும் அளவுக்கு இந்த ஆட்படை பெரியது.

ஆட்களைக் கூட்டினால் கூலி கூடுமல்லவா? இங்கே கூலி நைட்ரஜன். புரதம் என்றாலே நைட்ரஜன் வேண்டும். நெல் இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஒரு நொதியில் அடங்கியிருக்கிறது. உழவர் வயலில் யூரியா இட்டவுடன் பயிர் கரும்பச்சையாகத் தழைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த உரத்தின் கணிசமான பகுதி, நம் கண்ணுக்குத் தெரியாமல், இந்த மெதுவான உழைப்பாளிக்குக் கூலியாகப் போகிறது. அது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். கதிர் முற்றும் பருவத்தில் இலை தன் ரூபிஸ்கோவை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைத் தானியத்துக்கு அனுப்பிவைக்கிறது. நாம் உண்ணும் அரிசியிலுள்ள புரதத்தின் நைட்ரஜனில் ஒரு பகுதி, முன்பு ரூபிஸ்கோவாக இருந்து உழைத்ததே ஆகும். இலை ஒரே சமயத்தில் தொழிற்சாலையாகவும் களஞ்சியமாகவும் இருக்கிறது.

மந்தம் ஒரு குறை என்றால், தவறு மற்றொரு குறை. ரூபிஸ்கோ கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் சில வேளைகளில் பிராணவாயுவைப் பிடித்துவிடுகிறது. காற்றில் பத்தாயிரம் பங்கில் கரியமில வாயு நான்கு பங்கே. பிராணவாயுவோ இரண்டாயிரத்து நூறு பங்கு. இந்தக் கூட்டத்தில் சரியான ஆளைத் தேடிப் பிடிப்பதே பெருமைதான். ஆயினும் 25 டிகிரி வெப்பத்தில் நான்கைந்து தடவையில் ஏறக்குறைய ஒரு தடவை இந்தத் தவறு நேர்கிறது. பிராணவாயு மிகுந்தால் ஒளிச்சேர்க்கை குறைகிறது என்பதை ஆட்டோ வார்பர்க் 1920-ஆம் ஆண்டிலேயே குறித்திருந்தார். கார்பனைப் பிடிக்கும் நொதியே பிராணவாயுவையும் பிடிக்கிறது என்று 1971-ஆம் ஆண்டில் காட்டியவர்கள் போஸ், ஆக்ரன், ஹேஜ்மன் ஆகியோர். பெட்டிச் சோதனை செய்த அதே ஆக்ரன்தான் இவர்.

தவறு நேர்ந்தால் என்ன ஆகிறது? செடிக்கு உதவாத இரண்டு கார்பன் பொருள் ஒன்று உண்டாகிறது. அதை அப்படியே விட்டுவைத்தால் நஞ்சாகும். எனவே செடி அதைப் பசுங்கணிகத்திலிருந்து வெளியேற்றி, உயிரணுவின் வேறு இரு உறுப்புகளின் வழியே சுற்றி வரச் செய்து, மீட்டெடுக்கிறது. இந்தச் சுற்றில் நான்கு கார்பனில் மூன்று திரும்பக் கிடைக்கும். ஒன்று கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும். ஆற்றலும் செலவாகும். வெளிச்சத்தில் நடக்கும் இந்த இழப்புக்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

நம்மைப் போன்ற வெப்ப நாட்டினர் கவலை கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. வெயில் ஏற ஏற இந்த இழப்பும் ஏறுகிறது. காரணங்கள் இரண்டு. இலைக்குள் உள்ள நீர் சூடேறும்போது, அதில் கரையும் பிராணவாயுவைவிடக் கரியமில வாயு விரைவாகக் குறைகிறது. அதோடு, இரண்டையும் பிரித்தறியும் நொதியின் திறமையும் சூட்டில் மங்குகிறது. சித்திரை வெயிலில் நிற்கும் நெற்பயிர், பகலெல்லாம் சம்பாதித்ததில் ஒரு பகுதியைப் பகலிலேயே இழந்துகொண்டு நிற்கிறது.

இவ்வளவு குறையுள்ள ஒரு நொதியை இயற்கை ஏன் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ரூபிஸ்கோ தோன்றிய காலத்தில் காற்றில் பிராணவாயு இல்லை என்றே சொல்லலாம். கரியமில வாயுவோ மிகுதி. பிரித்தறிய வேண்டிய தேவையே அன்று எழவில்லை. பிராணவாயு காற்றில் பெருகத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதைப் பெருக்கியவை ரூபிஸ்கோவை வைத்து வாழ்ந்த நுண்ணுயிர்களே. தன் இனத்தார் வெளியேற்றிய காற்றே பிற்காலத்தில் அதற்கு இடையூறாக வந்து சேர்ந்தது.

மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. முற்காலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் நோட்டக்காரர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்த்து வாங்கினால் கள்ளக்காசு கலவாது. ஆனால் பொழுது போய்விடும். விரைந்து வாங்கினால் வேலை முடியும். கள்ளக்காசும் சேர்ந்து வரும். ரூபிஸ்கோவின் நிலையும் இதுவே. சில செம்பாசிகளில் உள்ள ரூபிஸ்கோ தவறு செய்வது குறைவு, வேகமும் குறைவு. சில நுண்ணுயிர்களில் உள்ளது வேகம் மிக்கது, தவறும் மிக்கது. பொதுவாக ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை ஓரளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகையால் இதை மந்தபுத்தியுள்ள நொதி என்று இகழ்வது எனக்கு உடன்பாடில்லை. அரிதான வேலையை, பாதகமான சூழலில் செய்துகொண்டிருக்கும் நொதி என்று சொல்வதே நியாயம்.

சூழலை மாற்றினால் என்ன? இந்த யோசனையைச் செடிகள் நமக்கு முன்பே செயலில் காட்டியிருக்கின்றன. ஹவாய்த் தீவில் கரும்பை ஆராய்ந்த கார்ட்சாக், ஹார்ட், பர் என்பவர்கள், கால்வின் கண்ட மூன்று கார்பன் பொருளுக்கு முன்னதாகவே கரும்பில் நான்கு கார்பன் பொருள்கள் தோன்றுவதை 1965-இல் வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966 முதல் அதன் முழு வழியையும் விளக்கினார்கள். கரும்பு இலையில் நரம்பைச் சுற்றிலும் பருத்த உயிரணுக்கள் மாலைபோல் அமைந்திருக்கின்றன. வெளியே உள்ள உயிரணுக்கள், பிராணவாயுவால் ஏமாறாத வேறொரு நொதியைக் கொண்டு கார்பனைப் பிடித்து, நான்கு கார்பன் அமிலமாக்கி உள்ளே அனுப்புகின்றன. மாலையணுக்களில் அது மீண்டும் கரியமில வாயுவாக வெளிப்படுகிறது. ரூபிஸ்கோ இருப்பது அங்கேதான். சுற்றிலும் கரியமில வாயு பல மடங்கு செறிந்திருப்பதால் அது தவறு செய்ய வாய்ப்பு மிகக் குறைவு.

ஏற்றம் வைத்துத் தாழ்ந்த கிணற்று நீரை மேட்டு வயலுக்கு இறைப்பது போன்றது இது. ஏற்றம் இறைக்க ஆள்பலம் வேண்டும். இந்த இலைகளுக்கும் கூடுதல் ஆற்றல் செலவாகிறது. ஆனால் வெயில் மிகுந்த நாட்டில் ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. எனவே இழப்பைவிட இலாபம் மிகுதி. குறைந்த அளவு ரூபிஸ்கோவே போதும்; எனவே நைட்ரஜன் செலவு குறைவு. இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை. எனவே நீர்ச் செலவும் குறைவு. குளிர்ந்த இடங்களில் இந்த இலாபம் கரைந்துவிடும்.

இப்போது பெட்டிச் சோதனைக்குத் திரும்புவோம். மக்காச்சோளம் கரும்பின் கூட்டத்தைச் சேர்ந்தது. அடைத்த பெட்டியின் காற்றில் கடைசித் துளி வரையில் கரியமில வாயுவை அது இறைத்துக்கொண்டது. சோயா மொச்சைக்குப் பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய ஐம்பது பங்காவது கரியமில வாயு இருந்தால்தான் வரவும் செலவும் சரியாகும். அதற்குக் கீழே போனதும் அதன் ஒளிச்சுவாச இழப்பு சம்பாத்தியத்தை விஞ்சியது. அது இழந்த கார்பனையும் மக்காச்சோளமே எடுத்துக்கொண்டது. சோயாவுக்கு உணவிருந்தும் உண்ண முடியாத நிலை, இறுதியில் மடிந்தது.

நம் வயல்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நெல், கோதுமை, பருத்தி, நிலக்கடலை, உளுந்து, துவரை ஆகியவை சோயாவின் பக்கம். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு ஆகியவை மக்காச்சோளத்தின் பக்கம். வானம் பார்த்த பூமியில் நம் முன்னோர் கம்பையும் கேழ்வரகையும் நம்பி வாழ்ந்தார்கள். அந்தப் பயிர்கள் குறைந்த நீரிலும் கொடிய வெயிலிலும் தலைநிமிர்ந்து நிற்பதற்குள்ள காரணங்களில் இந்த ஏற்றமும் ஒன்று.

நெல்லுக்கு இந்தத் திறமையைக் கொடுக்க முடியுமா? பல நாட்டு விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமாகக் கொண்டு, நெல்லின் இலையையே கரும்பின் இலை போல அமைக்கும் பெருமுயற்சி 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. இலையின் உள்ளமைப்பையும் பல நொதிகளையும் சேர்ந்தாற்போல் மாற்ற வேண்டியிருப்பதால் அது இன்னும் நிறைவேறவில்லை. வேறு வழிகளில் சென்றவர்கள் சில பயன்களைக் கண்டிருக்கிறார்கள். இல்லினாயில் புகையிலைச் செடிக்குள், ஒரு பச்சைப் பாசியிலிருந்தும் பூசணியிலிருந்தும் எடுத்த மரபணுக்களைச் சேர்த்து, ஒளிச்சுவாசத்தின் நீண்ட சுற்றுக்குக் குறுக்குவழி அமைத்தார்கள். வயலில் அச்செடிகள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகத் தழைத்தன என்று 2019-இல் அறிவித்தார்கள். ஜப்பானில் ரூபிஸ்கோவை மிகுதியாக உண்டாக்கும் நெல்லை உருவாக்கி வயலில் சோதித்தார்கள். உரம் போதிய அளவு இட்டபோது விளைச்சல் கூடியதாக 2020-இல் வெளியிட்டார்கள். ரூபிஸ்கோவின் வேலைத்தலத்தில் அடைப்பு ஏற்பட்டால் அதை நீக்குவதற்கு ஒரு துணைப்புரதம் உண்டு. கடும் வெயிலில் ரூபிஸ்கோவுக்கு முன்னால் சோர்ந்துவிடுவது அந்தத் துணைதான். ஆஸ்திரேலியக் காட்டு நெல் ஒன்றின் துணைப்புரதம் சூட்டைத் தாங்கவல்லது. அதைப் பயிர் நெல்லில் சேர்த்தபோது, வெப்பத்தில் வளர்ந்த செடிகள் கூடுதலாக மணி பிடித்ததாக 2018-இல் தெரிவித்தார்கள்.

இம்முயற்சிகளில் ஒரு பொதுத்தன்மையைக் கவனியுங்கள். அவை எவையும் ரூபிஸ்கோ கார்பனைப் பிடிக்கும் முறையைத் திருத்தவில்லை. ஒன்று ஆட்களைக் கூட்டியது. ஒன்று துணையாளைப் பலப்படுத்தியது. ஒன்று நேர்ந்த தவறைச் சிக்கனமாகச் சரிசெய்தது. கரும்பு செய்ததும் இத்தகையதே. நெடுங்காலம் உழைத்த தொழிலாளியின் இயல்பை அறிந்து, அவனைச் சுற்றியுள்ள ஏற்பாட்டைச் சீராக்கினால் வேலை நடக்கிறது. ஆயினும் நாம் அவசரப்படக் கூடாது. புகையிலை இலை தழைப்பது வேறு. நெற்கதிர் மணி பிடிப்பது வேறு. பருவம் தவறிய மழையிலும், பூச்சியிலும், சாதாரண உழவரின் வயலிலும் தேறிய பிறகே இவற்றை வெற்றி என்று கொண்டாட வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் பலர் கேட்கிறார்கள். காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறதே, அது ரூபிஸ்கோவுக்கு நல்லதுதானே என்கிறார்கள். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்கு இருந்த கரியமில வாயு, 2023-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. தனியே அதை மட்டும் எடுத்துக்கொண்டால் நெல்லுக்கு இலாபமே. ஆனால் அதே வாயு பூமியைச் சூடாக்குகிறது. சூடேறினால் தவறு மிகுகிறது, துணைப்புரதம் சோர்கிறது. கரியமில வாயு மிகுந்த காற்றில் வளர்த்த நெல்லிலும் கோதுமையிலும் புரதமும், இரும்பும், துத்தநாகமும் குறைந்தன என்று 2014-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. களத்தில் நெல் மிகுந்தாலும் கலத்தில் சத்துக் குறையலாம். சோற்றையே பெரும்பாலும் நம்பியுள்ள ஏழைக் குடும்பத்துக்கு இது சிறிய செய்தி அன்று.

நண்பர்களே, அடுத்த முறை வயலோரமாக நடக்கும்போது ஓர் இலையை ஒளிக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். விநாடிக்கு மூன்று என்ற கணக்கில், அதற்குள் எண்ணற்ற உழைப்பாளிகள் நம் உணவைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வேகத்தையும் தவறையும் அளந்து சொன்னவர்கள் கீரைச்சாற்றையும், பாசிநீரையும், அடைத்த பெட்டிக்குள் வாடிய செடியையும் பொறுமையாகக் கவனித்தவர்கள். வெப்பம் கூடிவரும் நாட்களில் அதே பொறுமையோடு நம் நெல்லையும் கம்பையும் கவனிப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உங்களுக்குள்ளிருந்து வரவேண்டும் என்பதே என் விருப்பம்.